கார் பேட்டரி: பாடமும் மேற்சீட்டும்

கார் வைத்திருப்பவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியது வாங்கியே ஆக வேண்டும். கடைக்குப் போனால் ஏறக்குறைய ஒரே உருவமுள்ள பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றுக்கொன்று விலையில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் வேறுபாடு இருக்கிறது. எதைக் கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது?

வாங்குபவருக்கு உதவ வேண்டிய எழுத்துகள் இரண்டு உள்ளன. ஒன்று, பள்ளியில் படித்த 'ஈய-அமிலச் சேமக்கலம்' என்னும் பாடம். மற்றொன்று, பேட்டரியின் மேல் ஒட்டப்பட்டுள்ள சீட்டு. ஒரு நூலை மதிப்பிடுவதைப் போல இவ்விரண்டையும் மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சீட்டைப் போய் யாராவது விமரிசனம் செய்வார்களா என்று சிலர் நினைக்கலாம். பல ஆயிரம் ரூபாயை எடுத்து வைக்குமுன் ஒருவர் படிக்கும் ஒரே எழுத்து அதுதான். ஆகவே அது விமரிசனத்துக்கு உரியதே.

முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். பாடமும் பொய் சொல்லவில்லை. சீட்டும் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. ஆனால் மிகவும் தேவையான ஓரிடத்தில் இரண்டும் வாயை மூடிக்கொள்கின்றன. அந்த இடம் அகமின்தடை.

பாடம் சொல்வது

மேல்நிலை வகுப்பு இயற்பியலில் பல்லாண்டுகளாக இப்பாடம் ஒரே அமைப்பில் வந்துகொண்டிருந்தது. நேர்மின் தகட்டில் ஈய டை ஆக்சைடு. எதிர்மின் தகட்டில் பஞ்சு போன்ற ஈயம். இரண்டுக்கும் இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றத்தின்போது இவ்வினைகள் திரும்புகின்றன. முழுதும் மின்னேற்றிய கலத்தில் அமிலத்தின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.28. கலத்தின் மின்னியக்கு விசை சற்றேறக்குறைய 2.1 வோல்ட். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் பேட்டரி.

இது நல்ல பாடம். 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் அமிழ்த்தினார். 1881இல் காமில் ஃபோர், ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டின்மேல் பூசும் முறையைக் கண்டார். அன்று நடந்த அதே வேதிவினைதான் இன்றும் நம் காரின் முன்மூடிக்கு அடியில் நடக்கிறது. இவ்வளவு பழமையான வினையில் இன்னும் புதுமை இருக்கிறது. ஈய அணுவின் உள் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் இயங்குவதால் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவு அங்கே தலைகாட்டுகிறது. ஒரு கலத்தின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை இவ்விளைவால் கிடைப்பதே என்று 2011இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. ஈயத்துக்கு அண்டையிலுள்ள வெள்ளீயத்தைக் கொண்டு இப்படிப்பட்ட பேட்டரி செய்ய முடியாததன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆனால் பாடத்தின் இறுதியில் ஒரு வாக்கியம் வருகிறது: 'இக்கலத்தின் அகமின்தடை மிகக் குறைவு, எனவே இது மிகுந்த மின்னோட்டத்தைத் தரும்.' அத்துடன் முடிந்தது. எவ்வளவு குறைவு? எவ்வளவு மின்னோட்டம்? வயதாக ஆக அது என்ன ஆகும்? பாடம் சொல்வதில்லை. சமன்பாடுகளைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவர், பத்தாண்டு கழித்துப் பேட்டரி கடையில் திகைத்து நிற்பதற்கு இந்த இடமே காரணம்.

பேட்டரியின் வேலை மாறியது

தொடக்க காலத்துக் கார்களை முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் சில சமயம் பின்னோக்கி உதைக்கும். கை எலும்பு முறிந்தவர்கள் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் இயக்கி 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. நம் ஊரில் 'செல்ஃப்' என்று சொல்கிறோமே, அதுதான்.

அன்றிலிருந்து கார் பேட்டரியின் முதன்மையான வேலை மாறிவிட்டது. சிறிய மின்னோட்டத்தைப் பல மணி நேரம் தருவது விளக்குக்கு வேண்டிய பணி. மிகப் பெரிய மின்னோட்டத்தை இரண்டு மூன்று நொடிகள் தருவது செல்ஃபுக்கு வேண்டிய பணி. முன்னது, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற கேள்வி. பின்னது, தொட்டியின் குழாய் எவ்வளவு அகலம் என்ற கேள்வி. வேலை மாறியும், சீட்டில் பெரிய எழுத்தில் அச்சாவது இன்னும் தொட்டியின் கொள்ளளவுதான்.

ஆம்பியர்-மணி என்னும் எண்

கடையில் "35 ஏ.ஹெச். வேண்டுமா, 45 ஏ.ஹெச். வேண்டுமா?" என்று கேட்பார்கள். இது ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி என்றால் 1 ஆம்பியர் மின்னோட்டத்தை 35 மணி நேரம் அல்லது 35 ஆம்பியரை 1 மணி நேரம் தரும் என்று பெருக்கல் வாய்பாட்டின்படி எண்ணத் தோன்றும். அப்படியன்று. இந்த எண்ணோடு ஒரு காலமும் சேர்ந்தே இருக்கிறது. நம் நாட்டில் கார் பேட்டரிக்கு அக்காலம் 20 மணி. அதாவது, 35இல் இருபதில் ஒரு பங்கான 1.75 ஆம்பியரைத் தொடர்ந்து எடுத்தால், பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்க 20 மணி நேரம் ஆகும். இதைவிட வேகமாக எடுத்தால் கிடைக்கும் மொத்த மின்னூட்டம் குறையும். அமிலம் தகட்டின் நுண்துளைகளுக்குள் ஊடுருவிச் செல்ல நேரம் போதாமையே இதற்குக் காரணம்.

மாருதி போன்ற சிறு கார்களில் பெரிதும் பயன்படும் '38 பி 20 எல்' என்ற அளவை எடுத்துக்கொள்வோம். இது ஜப்பானியத் தர முறைப் பெயர். இதிலுள்ள 38ஐ ஆம்பியர்-மணி என்று பலர் கருதுகிறார்கள். அது செயல்திறனைக் காட்டும் ஒரு தரவரிசை எண்ணே. 'பி' என்பது அகலத்தையும் உயரத்தையும், 20 என்பது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளத்தையும், 'எல்' என்பது முனைகள் எந்தப் பக்கம் உள்ளன என்பதையும் குறிக்கும். இதே அளவு பேட்டரி நம் நாட்டில் 35 ஆம்பியர்-மணி என்று விற்கிறது. ஜப்பானில் நெடுங்காலமாக 28 ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்டு வந்தது. யாரும் ஏமாற்றவில்லை. அங்கே 5 மணி நேரக் கணக்கு. இங்கே 20 மணி நேரக் கணக்கு.

மாணவர்கள் இதிலிருந்து ஒரு நல்ல கணக்கைச் செய்து பார்க்கலாம். 1897இல் பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு விதியைக் கூறினார்: மின்னோட்டத்தை ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்திக் காலத்தால் பெருக்கினால் மாறிலி கிடைக்கும். 28 ஆம்பியர்-மணியை 5 மணியில் எடுத்தால் மின்னோட்டம் 5.6 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணியை 20 மணியில் எடுத்தால் 1.75 ஆம்பியர். மின்னோட்டம் 3.2 மடங்காகும்போது காலம் நான்கில் ஒன்றாகிறது. மடக்கை எடுத்துப் பார்த்தால் அடுக்கெண் ஏறக்குறைய 1.2 என்று வரும். ஈய-அமிலப் பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பும் இதையொட்டியதே. இதே விதியின்படி 150 ஆம்பியர் எடுத்தால், பெருக்கல் வாய்பாடு சொல்லும் 14 நிமிடம் ஏறக்குறைய 6 நிமிடமாகச் சுருங்கிவிடும். அவ்வளவு பெரிய மின்னோட்டத்துக்கு இவ்விதி ஒரு தோராயமே என்றாலும், போக்கு எப்படி என்பது விளங்கும்.

இத்துணை விவரமும் 'ஏ.ஹெச்.' என்ற எண்ணுக்குள் மறைந்திருக்கிறது. 'எத்தனை மணி நேரக் கணக்கில்' என்பதைச் சொல்லாத ஆம்பியர்-மணி, எந்த ஊரிலிருந்து என்று சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்லும் மைல்கல்லைப் போன்றது. சில சீட்டுகளில் இது சிறிய எழுத்தில் இருக்கிறது. பலவற்றில் தேடினாலும் கிடைப்பதில்லை.

மூடிக்கொண்ட வாய்

காரைக் கிளப்ப எவ்வளவு மின்னூட்டம் செலவாகிறது? செல்ஃப் 150 ஆம்பியர் எடுக்கிறது; எஞ்சின் 2 நொடியில் உயிர்பெறுகிறது என்று கொள்வோம். 150ஐ 2ஆல் பெருக்கினால் 300 கூலும். பேட்டரியில் இருப்பது 35 ஆம்பியர்-மணி. அதாவது 1,26,000 கூலும். செலவானது கால் விழுக்காடுகூட இல்லை! அப்படியானால் ஏன் ஒரு நாள் காலையில் கார் கிளம்ப மறுக்கிறது? தொட்டி காலியானதால் மட்டும் இருக்க முடியாது. குழாய் அடைபட்டிருக்க வேண்டும்.

ஓம் விதியே போதும். புதிய பேட்டரி ஒன்றின் மின்னியக்கு விசை 12.6 வோல்ட், அகமின்தடை 8 மில்லி ஓம் என்போம். 150 ஆம்பியர் பாயும்போது பேட்டரிக்குள்ளேயே இழக்கப்படும் மின்னழுத்தம் 1.2 வோல்ட். முனைகளில் மிஞ்சுவது 11.4 வோல்ட். செல்ஃப் துள்ளி எழும். ஆண்டுகள் கழிகின்றன. நேர்மின் தகட்டின் ஈயக் கம்பிவலை அரிக்கிறது, பூச்சு உதிர்கிறது, சல்ஃபேட் படிகங்கள் இறுகி மின்னேற்றத்துக்கு மசியாமல் போகின்றன. அகமின்தடை 30 மில்லி ஓம் ஆகிவிட்டது என்போம். இப்போது அதே மின்னோட்டத்துக்கு உள்ளிழப்பு 4.5 வோல்ட். முனைகளில் மிஞ்சுவது 8.1 வோல்ட். 'டிக்' என்ற ஒலியோடு செல்ஃப் நின்றுவிடும்.

இந்தப் பேட்டரியை வோல்ட்மீட்டரால் அளந்தால் என்ன காட்டும்? 12.6 வோல்ட்! வோல்ட்மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறிது. ஆதலால் உள்ளிழப்பு தெரிவதில்லை. "ஹெட்லைட் நன்றாக எரிகிறதே, பேட்டரி எப்படிக் கெட்டிருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. 60 வாட் விளக்கு ஒன்று எடுப்பது 5 ஆம்பியர். அதற்கு உள்ளிழப்பு 0.15 வோல்ட்தான். விளக்கு எரியத்தான் செய்யும்.

பட்டறையில் இருக்கும் 'லோடு டெஸ்டர்' என்ற கருவியைப் பாருங்கள். அது தடித்த மின்தடை ஒன்றைப் பேட்டரியின் குறுக்கே சில நொடிகள் இணைத்து, அப்போது மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டுகிறது. அகமின்தடை என்ற சொல்லைக் கேள்விப்படாத மெக்கானிக், நாள்தோறும் அகமின்தடையை அளந்துகொண்டிருக்கிறார். அந்தச் சொல்லை மனப்பாடம் செய்த பட்டதாரி அதை அளந்ததேயில்லை. பாடத்தின் மீது நான் வைக்கும் முதன்மையான குறை இதுதான்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரவு முழுவதும் நின்றிருந்த காரின் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். ஏறக்குறைய 12.6 வோல்ட் இருந்தால் முழு மின்னேற்றம், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. பிறகு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, அது சுழலும்போது எண்ணைக் கவனியுங்கள். முழுதும் மின்னேறிய பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலையில்லை. 9.6க்குக் கீழே போனால் அதன் நாள்கள் எண்ணப்படுகின்றன என்று பொருள்.

இன்னொன்றையும் அளக்க வேண்டும். ஈய முனையில் ஒரு கம்பியையும், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் மற்றொரு கம்பியையும் வைத்து, செல்ஃப் சுழலும்போது பாருங்கள். அங்கே எண் ஒன்றும் தெரியக் கூடாது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போன இணைப்பில் 10 மில்லி ஓம் இருந்தால் 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, இறுக்கி, சிறிது வாசலின் தடவினால் தீரும் நோய்க்குப் புதுப் பேட்டரி வாங்குவது வீண் செலவு.

குளிர்நாட்டு எண்

அகமின்தடையைச் சீட்டு முற்றிலும் மறைக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. மாறுவேடத்தில் அது ஓரிடத்தில் இருக்கிறது. 'சி.சி.ஏ.' என்ற மூன்றெழுத்தோடு 270, 350 போன்று ஓர் எண் சில பேட்டரிகளில் காணப்படும். குளிர்நிலைக் கிளப்பு மின்னோட்டம் என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் வரையறைப்படி, பேட்டரியைச் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியசில் வைத்து, 30 நொடிகள் தொடர்ந்து எடுத்தாலும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் தரக்கூடிய மின்னோட்டம் இது. எண் பெரிதானால் அகமின்தடை சிறிது என்று பொருள். ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு பேட்டரிகளை ஒப்பிட ஆம்பியர்-மணியைவிட இவ்வெண் பயன் மிக்கது. அதைச் சீட்டின் மூலையில் ஒதுக்கியிருப்பது முறையன்று.

அதே நேரத்தில், இவ்வெண் நம் ஊருக்காக உண்டானது அன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உதகையின் கடுங்குளிர்காலத்து விடியலில்கூட வெப்பநிலை சுழியத்தை ஒட்டி நின்றுவிடும். வேலூரிலும் திருச்சியிலும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும்; ஓடி நின்ற எஞ்சினுக்கு அருகே அதைவிட மிகும். குளிர்நாட்டில் பேட்டரிக்கு எதிரி குளிர் என்று பெயர். நம் நாட்டில் எதிரி வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வேதியியலார் வழங்கும் தோராய விதி. தகட்டின் அரிப்புக்கும் தானே மின்னிறங்குவதற்கும் நீர் ஆவியாவதற்கும் இது பொருந்தும். 18 டிகிரிக் குளிரில் என்ன செய்யும் என்று சொல்லும் சீட்டு, 45 டிகிரி வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதில்லை. நம் வாங்குபவருக்கு வேண்டியது இரண்டாவது விவரமே.

தேதி, உத்தரவாதம், ஒரு விளம்பரச் சொல்

சீட்டின் மற்ற பகுதிகளையும் பார்ப்போம். மிக முக்கியமானது செய்யப்பட்ட தேதி. பேட்டரி கடையின் அலமாரியில் இருக்கும்போதே தானாக மின்னிறங்குகிறது. நம் ஊர் வெப்பத்தில் சற்று விரைவாகவே இறங்குகிறது. மின்னேற்றாமல் பல மாதம் கிடந்தால் சல்ஃபேட் இறுகத் தொடங்கும். ரொட்டிப் பொட்டலத்தில்கூடத் தேதி எல்லாருக்கும் புரியும்படி இருக்கிறது. பேட்டரியிலோ பெரும்பாலும் எழுத்தும் எண்ணுமாகப் பின்னிய குறியீடாக இருக்கிறது. அதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரிடம் சரக்கு வாங்குகிறோமோ அவரையே அதற்குச் சாட்சியாகவும் கொள்ள வேண்டியிருப்பது நல்ல முறையாகாது.

அடுத்தது உத்தரவாதம். '48 மாதம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அருகில் '24+24' என்று கூட்டல் இருக்கும். முதல் 24 மாதத்தில் கெட்டால் வேறொன்று இலவசம். அடுத்த 24 மாதத்தில் கெட்டால் புதிதின் விலையில் ஒரு பகுதி தள்ளுபடி மட்டுமே. அத்தள்ளுபடியும் அச்சிட்ட உச்ச விலையிலிருந்து கணக்கிடப்படுமானால், கடையில் வழக்கமாகக் கிடைக்கும் விலைக் குறைப்போடு ஒப்பிடும்போது மிஞ்சுவது சொற்பமாக இருக்கலாம். எனவே 36 மாதம் முழுதும் இலவச மாற்று தரும் பேட்டரியும் '24+24' பேட்டரியும் அருகருகே இருந்தால், 48 என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் ஒப்பிடுங்கள். உத்தரவாதம் என்பது ஆயுளின் அளவீடு அன்று. உற்பத்தியாளர் ஏற்கத் துணிந்த பொறுப்பின் அளவு. அந்த வகையில் அது பயனுள்ள செய்திதான்.

மூன்றாவது, 'பராமரிப்பே தேவையில்லை' என்ற தொடர். பழைய பேட்டரிகளின் ஈயத்தில் ஆன்டிமனி கலந்திருக்கும். அது மின்னேற்றத்தின்போது நீர் சிதைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக வெளியேறுவதை ஊக்கும். அடிக்கடி வாலைவடிநீர் ஊற்ற நேரும். ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்சியம் கலந்தபின் இது வெகுவாகக் குறைந்தது. உண்மையான முன்னேற்றம் இது. ஆனால் குறைந்தது என்பது வேறு. இல்லை என்பது வேறு. நீர் ஊற்றத் தேவையில்லை என்று எழுதினால் சரி. பராமரிப்பே தேவையில்லை என்று எழுதினால், முனைகளைத் துடைப்பதையும் மின்னழுத்தத்தைப் பார்ப்பதையும் மக்கள் கைவிடுகிறார்கள்.

கடை மொழிகள்

பாடமும் சீட்டும் பேசாத இடத்தில் செவிவழிச் செய்திகள் புகுந்துகொள்கின்றன. 'ஏ.ஹெச். அதிகமுள்ள பேட்டரி போட்டால் ஆல்டர்னேட்டர் எரிந்துவிடும்' என்பது ஒன்று. ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய 14 வோல்ட் என்ற கட்டுப்படுத்தப்பட்ட மின்னழுத்தத்தைத் தருகிறது. பேட்டரி தன் நிலைக்கேற்ற மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். பயன்படுத்திய அளவைத்தான் திரும்ப நிரப்ப வேண்டும். தொட்டி பெரிதென்பதால் கூடுதலாக நிரப்ப வேண்டியதில்லை. எனவே சற்றுப் பெரிய பேட்டரியால் கேடில்லை. அது தட்டில் சரியாக உட்கார வேண்டும், கட்டுப்பட்டை இறுக வேண்டும், கம்பிகள் இழுபடாமல் முனைகளை எட்ட வேண்டும் என்பவையே நிபந்தனைகள். ஆடிக்கொண்டிருக்கும் பேட்டரியின் தகட்டுப் பூச்சு விரைவில் உதிரும்.

'சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும்' என்பது மற்றொன்று. இக்காலத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்கும் தரைக்கும் இடையே மின்னோட்டம் பாய வழியில்லை. எங்கே வைத்தாலும் பேட்டரி தானாக இறங்கும். பழியைத் தரை ஏற்கிறது.

ஆனால் கடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பலர் கேட்பதில்லை. சாலைச் சந்திப்பில் நின்றதும் எஞ்சின் தானே அணைந்து, புறப்படும்போது தானே கிளம்பும் கார்கள் இப்போது ஓடுகின்றன. இவற்றில் பேட்டரி ஒரு நாளில் பல முறை கிளப்பு வேலை செய்கிறது. இதற்கென்று 'ஈ.எஃப்.பி.', 'ஏ.ஜி.எம்.' என்ற வகைகள் உள்ளன. பின்னதில் அமிலம் கண்ணாடியிழை மெத்தையில் உறிஞ்சி வைக்கப்பட்டிருக்கும். இத்தகைய காரில் விலை குறைவென்று சாதாரணப் பேட்டரியைப் பொருத்தினால் அது விரைவில் ஓய்ந்துவிடும். முன்பு இருந்த வகையையே திரும்பப் பொருத்துவதுதான் சிக்கனம்.

சீட்டு எப்படி இருக்க வேண்டும்?

குறை சொல்லும் விமரிசகர் மாற்று என்ன என்றும் சொல்லக் கடமைப்பட்டவர். சீட்டில் ஐந்து வரிகள் போதும். அவை தமிழிலும் இருக்கலாம். செய்யப்பட்ட மாதமும் ஆண்டும், குறியீடின்றி. 20 மணி நேரக் கணக்கில் ஆம்பியர்-மணி. வெப்பநிலையோடு கூடிய கிளப்பு மின்னோட்டம். புதிதாக இருக்கும்போது அகமின்தடை எத்தனை மில்லி ஓம். இலவச மாற்று எத்தனை மாதம். இவற்றில் எதுவும் உற்பத்தியாளருக்குத் தெரியாத செய்தி அன்று. அகமின்தடை எண் மட்டும் சீட்டில் இருந்தால், மூன்றாண்டு கழித்து எந்தப் பட்டறையிலும் அளந்து, எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டு, மாற்றலாமா காத்திருக்கலாமா என்று வாங்கியவரே முடிவு செய்யலாம். அவர் பிறர் சொல்லை நம்பி நிற்க வேண்டியதில்லை.

பாடத்தில் கேட்பதோ இன்னும் எளிது. ஒரு கணக்கும் ஒரு செய்முறையும் சேர்த்தால் போதும். மேலே சொன்ன 12.6 வோல்ட், 8.1 வோல்ட் கணக்கு அரைப் பக்கம்கூட ஆகாது.

அதுவரை, வாங்குபவர்கள் செய்யத்தக்கது இது. முதலில் பழைய பேட்டரிதான் குற்றவாளியா என்று அளந்து பாருங்கள். காரின் கையேட்டில் குறித்த அளவு, வகை, முனைகளின் பக்கம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். அவற்றுக்குப் பொருந்துபவற்றுள் கிளப்பு மின்னோட்டம் மிகுதியாகவும் இலவச மாற்றுக் காலம் நீண்டும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். செய்த தேதியைக் கேளுங்கள். பொருத்துமுன் கடையிலேயே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வேறொன்றைக் கேளுங்கள். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இல்லையேல் ஸ்பேனர் காரின் உடலில் பட்டுக் குறுக்குச் சுற்று உண்டாகும். அருகில் ஹைட்ரஜன் இருக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

கழற்றிய பேட்டரி

சீட்டில் இன்னொரு படம் உண்டு: குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டி. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. பழைய பேட்டரியை முறையான மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2001இல் விதிகள் வந்தன. அவற்றின் இடத்தில் 2022இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. திருப்பித் தந்தால் விலையில் கழிவும் கிடைக்கிறது. ஆயினும் தெருவில் வரும் பழைய சாமான் வியாபாரி சில நூறு ரூபாய் அதிகம் தந்தால் பலர் அவரிடமே கொடுத்துவிடுகிறார்கள். அங்கிருந்து அது கொல்லைப்புற உலைக்குச் செல்லக்கூடும். அமிலம் மண்ணில் கொட்டப்படும். ஈயப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூச்சில் கலக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் தாக்குகிறது; போனது திரும்புவதில்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. பேட்டரிகளை முறையின்றி உருக்குவதை அது ஒரு முக்கியக் காரணமாகக் குறிப்பிட்டது. சில நூறு ரூபாய்க்கு இது தகுந்த விலையன்று. பழையதைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.

பாடநூலின் ஒற்றை வாக்கியம் எத்துணை தூரம் செல்கிறது பாருங்கள். அகமின்தடையை அளக்கத் தெரிந்தவர் காலத்துக்கு முன்பே பேட்டரியைத் தூக்கி எறிய மாட்டார். அதனால் அவருடைய பணமும் மிஞ்சும். உருக்கப்படும் ஈயமும் குறையும். அடுத்த முறை பேட்டரி கடைக்குச் செல்லும்போது வீட்டிலுள்ள மல்டிமீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். நூலைப் படித்துச் சோதிப்பதைப் போலச் சீட்டையும் படித்துச் சோதியுங்கள்.